காலி அறையில் எழுந்தவர்கள்

ஆலயத்து மூப்பருக்கு ஆண்டவர் மேல் மரியாதை உண்டு. மொத்த வியாபாரி மேல் சில்லறைக் கடைக்காரன் வைத்திருக்கும் மரியாதை. ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்து, இறக்கைகளில் தன் பெயரை எழுதினார். சுற்றும்போது பெயர் தெரியாதாம். ஜனம் வேகட்டும் என்று பிரசங்க நேரத்தில் அதை நிறுத்தச் சொல்வார்.

தம்பியைப் புதைத்த மண் காயவில்லை. "வீட்டை எனக்குத்தான் கொடுத்துட்டுப் போனான்" என்று வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். கலப்படமில்லாத பொய். ஜெயித்தார். வீட்டை விற்றுத்தர, தரகனான என்னை மத்தியான வெயிலில் அங்கே கூட்டிப்போனார்.

தம்பி மனைவி வாசலில் நின்றாள். மூட்டை முடிச்சு எதுவும் கட்டவில்லை.

"இன்னும் கிளம்பலியா? சாயங்காலம் பூட்டணும்மா."

"எங்கே போவேன் அத்தான்? நீதியுள்ள நியாயாதிபதி ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட முறையிட்டிருக்கேன்."

"முறையிடு, முறையிடு. அவர் உன் வழக்கை எடுக்கறதுக்குள்ள, வீட்டை வாங்கினவன் பேரப்பிள்ளையே எடுத்திருப்பான்."

உள்ளே போனோம். பழைய வீட்டுக்கு விலை சொல்லுமுன் சுவரைத் தட்டிப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். உள்ளே உளுத்திருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். கடைசியில் இருந்தது தம்பி செத்த அறை. சன்னல் சாத்திய இருட்டு. மருந்து நெடி. உட்கார ஒரு முக்காலிகூட இல்லை.

என் சாவிக்கொத்தால் சுவரைத் தட்டினேன்.

நாற்காலிகள் தரையில் உரசின.

ஒன்றிரண்டல்ல. யாரோ வருகிறார் என்று ஒரு பெருங்கூட்டமே ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிற சத்தம். துணிகள் சரசரத்தன. எவரோ செருமலைப் பாதியில் விழுங்கினார்.

அப்புறம் அமைதி.

நீதிமன்றப் படி ஏறியவனுக்கு அந்த அமைதி தெரியும்.

"எலிப்பா," என்றார் மூப்பர்.

"எலி எழுந்து நிக்குமா ஐயா?"

அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இருட்டைப் பார்த்துக் கிசுகிசுத்தார்: "ஆண்டவரே, பின்கட்டை அவளுக்கே விட்டுடறேன்."

கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, பாதி வீடு. ஆலயத்துக்குச் சலவைக்கல் தரையும் போட்டுத் தரேன்."

இருட்டு அசையவில்லை.

"ஐயா, சொன்னது பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க," என்றேன்.

"சும்மா இரு. எடுத்த எடுப்பிலேயே அடிவிலைக்கு எவனாவது இறங்குவானா?"

த்தூ. அங்கேயும் பேரம்.

இருட்டுக்குள் ஒரே ஒரு காலடி.

"முழு வீடும்!" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினார். சாவியை அவள் கையில் திணித்தார்.

அவள் சாவியைப் பார்க்கவில்லை. "பொய்யின்னு ஒத்துக்கிட்டீங்களா அத்தான்?"

"அதான் வீடு வந்துடுச்சே, அப்புறம் என்ன!"

என்னையும் ஏற்றிக்கொண்டு காரைக் கிளப்பினார். தெருமுனை தாண்டியதும் அவருக்கு உயிர் வந்தது. சிரிக்கவும் செய்தார்.

"பாத்தியா? அவரும் படிஞ்சுட்டார். வீடு போனா போகட்டும். சாட்சி சாட்சிதான், என் பேர் கெடலை."

பின் சீட் முனகியது.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சீட் மட்டும், ஆள் உட்கார்ந்ததுபோல் மெல்லக் குழிந்துகொண்டிருந்தது.

நோயில் மெலிந்த குரல் ஒன்று, மரியாதை குறையாமல் சொன்னது:

"அண்ணே, எல்லாரும் நின்னுக்கிட்டே இருக்காங்க. முதல் சாட்சி நான்தான். போலாமா?"