கத்தரிக்காயோடு ஒரு சிவப்பு வைன்

“இந்த அட்டையை எழுதினது ஆர்?”

கடைக் கவுண்டரில் இருந்த கோசிகா நிமிர்ந்தாள். மழையில் நனைந்த ஜாக்கெட். கையில் ஒரு சிவப்பு வைன் போத்தல். அதற்கு மேலே இரண்டு கண்கள்... சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்.

“நான்தான். ஏன்?”

“ஆட்டிறைச்சியோட மட்டும் எண்டு எழுதியிருக்கிறியள். இது மீனோடயும் போகும். கத்தரிக்காயோட இன்னும் நல்லாப் போகும். குடிக்க முதல் அரை மணித்தியாலம் பிரிட்ஜில வைக்கவேணும்.”

“சிவப்பு வைனை ஆராவது பிரிட்ஜில வைப்பினமோ?”

“நீங்கள் குடிச்சுப் பாத்தனீங்களோ?”

அவளுக்குச் சுருக்கென்றது. அப்பா வாமதேவன் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இந்த ஓஃப்-லைசன்ஸ் மதுக்கடையைத் திறந்து பதினெட்டு வருடம். விற்கலாம், வாயில் வைக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். எந்த வைன் எந்தச் சாப்பாட்டோடு போகும் என்று, வாங்குகிறவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் அவள் அட்டை எழுதி வைக்கிறாள். அதை முன்பின் தெரியாத ஒருவன் வந்து இப்படிப் பிடித்துவிட்டானே...

“இல்லை. நீங்கள் என்ன பெரிய ஆளோ?”

“சிசிலியில வளந்தனான். இப்ப இங்க ஒரு ரெஸ்டோரன்டில குக். பேர் நிஷாந்தன்.” போத்தலை விளக்குக்கு நேரே பிடித்தான். “இதில ரெண்டு திராட்சை கலந்திருக்கு. நீரோ தாவொலா கறுப்பு, கொஞ்சம் முரடு. ஃப்ராப்பாத்தோ மெல்லிசு, செர்ரிப்பழ வாசம், பயந்த சுபாவம். தனியத் தனிய ரெண்டிலயும் ஒரு குறை. சேர்ந்தாத்தான் சரி.”

“அப்ப நீங்கள் எந்தத் திராட்சை?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் காசை எடுத்து நீட்டினான். காது மட்டும் சிவந்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் ஆறு மணிக்கு வந்தான். அதே வைனில் ஒரு போத்தல் வாங்குவான். அந்த வாரம் என்ன சமைத்தான் என்று சொல்லுவான். வெங்காயத்தோடு சூரை மீன்... தக்காளியும் வினாகிரியும் விட்டு வதக்கிய கத்தரிக்காய்... “இந்த வைனில ஒரு புளிப்பு இருக்கு. எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு நல்லது. எங்கட மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டால்தான் கசக்கும்.” அவள் புது அட்டை எழுதினாள். வெள்ளிக்கிழமை என்றால் புதுச் சட்டையும் போட்டாள்.

பதினோராவது போத்தலை அவள் பையில் போட்டபோது, அப்பா பின்னால் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

“கிழமைக்கு ஒரு போத்தல் குடிக்கிறவனோட உனக்கென்ன கதை? குடிகாரனுக்கு என்ர வீட்டில பொம்பிளை இல்லை.”

போத்தல் விற்றுப் பிழைக்கிறவரின் நியாயம் அது. கோசிகாவாவது மறுத்திருக்கலாம். வெட்கமும் ரோசமும் ஒன்றாக வந்து, “கிழமைக்கு ஒரு போத்தல் கூடுதல்தானே?” என்று அவனிடமே கேட்டுவிட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். பையை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனான்.

அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும்... ஆறு மணிக்குக் கதவு திறந்தாலே நிமிர்ந்து பார்த்தாள். பால் வாங்க வந்தார்கள், சிகரெட் வாங்க வந்தார்கள். ஒருநாள் அவன் சொன்ன மாதிரியே கத்தரிக்காய் வதக்கினாள். வினாகிரி கூடி ஒரே புளிப்பு. அதையும் மிச்சம் வைக்காமல் தனியாகச் சாப்பிட்டாள்.

ஐந்தாவது வெள்ளி, நல்ல மழை. நிஷாந்தன் ஒரு ஷொப்பிங் ட்ரொலியை இழுத்துக்கொண்டு வந்தான். கவுண்டரில் போத்தல்களை வரிசையாக வைத்தான்.

“திருப்பித் தர வந்தனான், அங்கிள். பதினொண்டு. ஒண்டும் திறக்கேல்ல.”

அப்பா ஒவ்வொரு மூடியையும் தடவிப் பார்த்தார். “அப்ப ஏன் தம்பி வாங்கினீர்?”

“இவவோட கதைக்க எனக்கு வேற சாட்டுத் தெரியேல்ல.” இப்போது அவன் கோசிகாவைப் பார்த்தான். “சமைச்சது உண்மை. ஒவ்வொரு முறையும் ரெண்டு பிளேட் வச்சதும் உண்மை. எதிர்க் கதிரை சும்மா கிடந்தது, திறக்க மனம் வரேல்ல... எந்தத் திராட்சை எண்டு கேட்டனீங்கள். நான் அந்தப் பயந்த திராட்சைதான். உங்களை எனக்கு விருப்பம் எண்டு சொல்ல இவ்வளவு நாள் எடுத்திட்டுது.”

அப்பா கடைசிப் போத்தலை அவன் பக்கமே தள்ளிவைத்தார்.

“வித்ததை நான் திருப்பி எடுக்கிறேல்லை. ஞாயிறு மத்தியானம் வீட்டை வாரும். வெறுங்கையோட வாரும்.” சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார்.

கோசிகாவின் கண்கள் நிறைந்திருந்தன.

“நாலு வெள்ளிக்கிழமை கதவைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்... எனக்கும் உங்களை விருப்பம். அண்டைக்கு அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது. முரடு நான்தான்.”

“தெரியும்,” என்றான் நிஷாந்தன். “முதல் நாள் அட்டையை வாசிச்ச உடனயே தெரியும்.”