துணையாள் டிக்கெட்

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மழை... குடை விரிக்க ஜெயப்ரியாவுக்குக் கை இல்லை. ஒரு கையில் அப்பா, மறு கையில் மருந்துப் பை. பக்கவாதத்தில் இடது பக்கம் செயலிழந்த ராஜப்பனுக்குக் கிருஷ்ணகிரி பஸ்ஸின் முதல் படியே மலை.

பின்னாலிருந்து இரண்டு கைகள் நீண்டன. அப்பாவை அலாக்காகத் தூக்கி சீட்டில் உட்கார வைத்தன.

"ஹலோ... ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? அவரு என்ன மூட்டையா?"

தூக்கியவன் திரும்பினான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கோபப்படுகிறவளைப் பார்த்துச் சிரிக்கிற கண்கள்... பொல்லாத கண்கள்!

"மூட்டைன்னா இம்புட்டு மெதுவாத் தூக்குவேனாங்க?"

தெற்கத்திப் பேச்சு. அவள் ஃபேக்டரி வேலை பார்க்கும் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான் பேசுகிறார்கள். இவன் பேச்சு மட்டும் ஏன் காதிலேயே நிற்கிறது?

"ஒளகடெ ஹோகி... உள்ள போங்க" என்று கூட்டத்தை நகர்த்திக்கொண்டு வந்த கண்டக்டர், ராஜப்பனின் சட்டைப் பையில் எட்டிப்பார்த்த மாற்றுத்திறனாளி அட்டையைக் கவனித்தார். "பெரியவருக்கும் துணையாளுக்கும் சலுகை. துணைக்கு ஒருத்தர்தான்." டிக்கெட்டை அவன் கையில் திணித்தார். "உனக்கு ஃபுல் டிக்கெட்மா."

"அண்ணே, நான்தான் பொண்ணு! இவரு யாருன்னே தெரியாது!"

பஸ்ஸே சிரித்தது. அவன் டிக்கெட்டை அவளிடம் நீட்டினான். "உங்களுதுங்க இது. நான் மாதவன். எனக்கு ஃபுல் டிக்கெட் வாங்கிக்கிடுதேன்."

"வேணாம். பெத்த அப்பாவப் பாத்துக்கறதுக்கு சலுகையா? எனக்கு அது தேவையில்ல."

முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீறாப்புதான். அவள் பையில் ஒரு விண்ணப்பம் மூன்று மாதமாகக் கசங்கிக் கிடந்தது. பராமரிப்பாளருக்கான உதவித்தொகை விண்ணப்பம். மற்றதெல்லாம் நிரப்பிவிட்டாள். 'பராமரிப்பவர் பெயர்' என்ற இடத்தில் மட்டும் பேனா ஓடவில்லை. மகள் என்பது வேலையா என்ன?

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார விடுமுறை. அன்றுதான் அப்பாவுக்குக் கிருஷ்ணகிரியில் பிசியோதெரபி. அடுத்த செவ்வாயும் மாதவன் அதே பஸ்ஸில்! அதற்கடுத்த வாரமும்... இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் தூக்குவான். "தூக்கலாமா மேடம்? கையெழுத்து எதுவும் போடணுமா?" சிரிப்பை உதட்டுக்குள்ளேயே மடக்கிக்கொள்வாள்.

நான்காவது செவ்வாய், ராஜப்பனின் நெற்றியில் பிளாஸ்திரி.

"என்னாச்சுங்க?" மாதவனின் குரல் பதறியது.

"நான் கம்பெனியில ஓவர்டைம், ஓ.டி.ல இருந்தேன்... தண்ணி எடுக்க எந்திரிச்சு விழுந்துட்டாரு. ரெண்டு மணி நேரம் தரையிலயே..."

மாதவன் மெதுவாகச் சொன்னான். "எங்கம்மை இருளாயி நாலு வருசம் படுக்கையில கெடந்தா. நானும் உங்கள மாதிரிதான். சலுகை எதுக்குன்னு, பாத்துக்கிடுதவங்களுக்கு கவர்மெண்டு குடுக்குற உதவித்தொகைக்குக்கூட எழுதிக் குடுக்கல. ஓ.டி. ஓ.டி.ன்னு ஓடினேன். அவ கண்ண மூடும்போது நான் மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டிருந்தேன்... அந்த உதவி காசுக்கு இல்லைங்க. பக்கத்துல உக்காந்திருக்கற நேரத்துக்கு."

அவன் கண்கள் அன்று சிரிக்கவில்லை. கிருஷ்ணகிரியில் இறங்கியதும் விண்ணப்பத்தை எடுத்தாள். மாதவனின் முதுகில் வைத்தே எழுதினாள். பராமரிப்பவர் பெயர்: ரா. ஜெயப்ரியா.

உதவித்தொகை வர ஆரம்பித்தது. வாரத்தில் இரண்டு நாள் ஓ.டி.யை விட்டாள். அந்த இரண்டு மாலையும் அப்பாவோடு.

ஒரு செவ்வாயன்று ராஜப்பன் குழறலாகக் கேட்டார். "தம்பி... உனக்கு கிருஷ்ணகிரியில இன்னா வேல?"

மாதவன் விழித்தான். "அது... ஒண்ணுமில்லைங்கய்யா. எறங்கி ஒரு டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ல திரும்பிருவேன்."

"மொத நாள்ல இருந்தேவா?" ஜெயப்ரியா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"மொத நாள் மட்டும் லீவு போட்டுட்டு கூட்டாளியப் பாக்க வந்தேன். அப்புறம்... எனக்கு வீக் ஆஃப் ஞாயித்துக்கெழமைங்க. சூப்பர்வைசர் கையில கால்ல விழுந்து செவ்வாய்க்கு மாத்திக்கிட்டேன். தினம் உங்களத்தான் நெனைக்கேன்... பிடிக்கலைன்னா சொல்லிருங்க, ஞாயித்துக்கெழமைக்கே போயிடுதேன்."

மழை ஜன்னலில் தட்டியது. அவள் தலை குனிந்தாள். "அப்பாவ விட்டுட்டு நான் எங்கயும் வர முடியாதுங்க..."

"விட்டுட்டு வரச் சொல்லி யாரு கேட்டா? அவரத் தூக்கித்தானே உங்களையே பாத்தேன்!"

ராஜப்பனின் வலது கை மெல்ல நகர்ந்து மாதவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

கண்டக்டர் வந்து நின்றார். "துணைக்கு யாரும்மா? ஒருத்தர்தான்!"

"நான்தாண்ணே." தயங்காமல் சொன்னாள். பர்சைத் திறந்தாள். மாதவன் பையில் கைவிடப் போக, கண்ணாலேயே அதட்டினாள்.

"இவருக்கு ஒரு ஃபுல் டிக்கெட்... சேத்துப் போடுங்கண்ணே. மூணு பேரும் ஒரே வீடு."