பக்கத்து சீட்டில் தூங்கியவன்

போன் அலறியது!

சகாயராஜின் இரண்டு கைகளிலும் சோப்பு நுரை. பழனி ரோட்டு வாட்டர் வாஷ் ஷெட்டில் யாருடைய காரையோ தேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தொன்பது வயது. முப்பது வருஷம் கார் ஓட்டியவர், ஒன்பது வருஷமாகக் காரைக் கழுவ மட்டும் செய்கிறார். ஏன் என்பது திண்டுக்கல்லில் பாதிப் பேருக்குத் தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கைலியில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தார். வெளிநாட்டு நம்பர்.

"அண்ணே... நான் இளஞ்செழியன். ஆக்லாந்துல இருந்து பேசறேன்."

சகாயராஜின் முதுகு தானாக நிமிர்ந்தது. வேடசந்தூர் ஸ்பின்னிங் மில் முதலாளியின் ஒரே மகன். நியூசிலாந்தில் தொழில் செய்கிறான். சகாயராஜின் மகள் ஐரினுக்கு அங்கே நர்ஸ் வேலை கிடைத்ததே அவன் கைகாட்டி விட்டதால்தான்.

"சொல்லுங்க தம்பி! நல்லா இருக்கீகளா?"

"அண்ணே... ஐரினுக்கு ஆக்ஸிடென்ட்!"

நுரை தரையில் சொட்டியது.

"உயிரு...?"

"இருக்கு. ஐ.சி.யூ.ல இருக்கா. மெஷின்லதான் மூச்சு. எப்படிச் சொல்றதுன்னே தெரியலண்ணே... அவதான் கார் ஓட்டினா. நான் பக்கத்து சீட்ல அசந்து தூங்கிட்டிருந்தேன். திடீர்னு ஒரு சத்தம். கண்ணு முழிச்சுப் பாத்தா ரோட்டைக் கடந்த ஒரு பெரியவரை அடிச்சுட்டு, வண்டி மரத்துல நிக்குது. பெரியவர் அங்கேயே போயிட்டார்."

"ஐரினா? எம் புள்ளையா? அதுக்கு சைக்கிளைத் தவிர ஒண்ணும் ஓட்டத் தெரியாதே தம்பி!"

"இங்க வந்து கத்துக்கிட்டா. உங்களுக்குத் தெரிஞ்சா வைவீங்கன்னு மறைச்சிருக்கா."

"நான் வாரேன்! இப்பவே கிளம்பி வாரேன்!"

இளஞ்செழியன் அவசரமாகக் குறுக்கிட்டான்.

"எப்படிண்ணே வருவீங்க? ஜெயிலுக்குப் போன ஆளுக்கு எவன் விசா குடுப்பான்? வீணா அலையாதீங்க. நான் பாத்துக்கறேன்."

லைன் செத்தது.

சகாயராஜ் குழாயை மூடக்கூட இல்லை. ஓடினார்.

---

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மாடியில், அப்பாஸின் ட்ராவல்ஸ். பேகம்பூர்க்காரன். திண்டுக்கல்லின் பாதி இளவட்டங்களைப் பாலைவனத்துக்கு ஏற்றி அனுப்பியவன். விசா ஃபாரத்தை அவன் நிரப்புகிற வேகத்துக்கு மனிதர்களால் பதில் சொல்லி மாளாது.

"சம்சாரம்?"

"தவறி ஆறு வருஷம் ஆச்சு."

"பிள்ளைக?"

"ஐரின்... ஒத்தப் பொண்ணு."

குரல் உடைந்தது. அப்பாஸ் ஒரு சொம்பு தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்கு வந்தான். விரல் நின்றது.

"எந்த நாட்டுலயாவது குற்ற வழக்குல தண்டனை வாங்கியிருக்கீங்களா?"

கேட்டவனே பதிலையும் சொல்லிக்கொண்டான்.

"இல்லை!"

"ஏலே அப்பாஸு... நான் எட்டு மாசம் மதுரை ஜெயில்ல கிடந்தவன்லே!"

"தெரியும்ணே. திண்டுக்கல்லுக்கே தெரியும். நியூசிலாந்துக்குத் தெரிய வேணாமேன்னுதான் பாக்கறேன். 'ஆமா'ன்னு போட்டா ஃபாரம் நேரா குப்பைக்குப் போயிரும்."

"பொய்யின்னு கண்டுபிடிச்சுட்டா?"

"அப்புறம் பல வருஷத்துக்கு அந்தத் திசையில தலை வச்சுப் படுக்க முடியாது. ஆனா அவன் கண்டுபிடிக்கறதுக்குள்ள புள்ளையப் பாத்துரலாம்ல?"

சகாயராஜ் தவித்தார். எட்டு மாசம். ஒரே ஒரு கையெழுத்து. அது கடல் தாண்டியும் வந்து காலைக் கட்டும் என்று அன்றைக்கு யார் கண்டது? பழைய பழக்கம் விடவில்லை. முடிவெடுக்க முடியாதபோது முதலாளி வீட்டைக் கேட்கிற பழக்கம். போன் போட்டார்.

இளஞ்செழியன் மூச்சு விடாமல் பேசினான்.

"ஃபாரம் போட்டுட்டீங்களா? சரி, 'இல்லை'ன்னே போடுங்க! ஞாபகம் வச்சுக்கங்க, அந்தக் கேஸ் பேப்பர் ஒண்ணைக்கூட யாருக்கும் அனுப்பக் கூடாது. எரிச்சாலும் நல்லதுதான்!"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பாஸ் புருவத்தைத் தூக்கினான்.

"அதென்னண்ணே... உங்க கேஸ் பேப்பருக்கு அவருக்கு ஏன் வேர்க்குது?"

"எம்மேல உள்ள அக்கறைதான். நீ 'இல்லை'ன்னே போடு."

அப்பாஸ் டிக் அடித்தான். அனுப்ப வேண்டிய பட்டனுக்கு விரல் போனது.

போன் மறுபடி அலறியது! இந்த முறை வீடியோ கால்.

"அப்பா, நான் கௌசல்யா. ஐரினோட ரூம் மேட். ரெண்டு பேரும் இதே ஆஸ்பத்திரி நர்ஸ்தான். இப்ப அவ பக்கத்துல நிக்கறேன். பேசுங்கப்பா... காது கேக்கும்னுதான் நாங்க நம்புவோம்."

கேமரா திரும்பியது.

வெள்ளைப் படுக்கை. வாயில் குழாய். இடது புருவத்தில் சின்ன வயசு அம்மைத் தழும்பு... அதை வைத்துத்தான் அது ஐரின் என்று அடையாளம் தெரிந்தது. முகம் அப்படி வீங்கியிருந்தது.

"ஐரினு... தங்கம்... அப்பா பேசறேன்டா! வந்துக்கிட்டே இருக்கேன். செத்த நேரம் பொறுத்துக்க தாயி. மேட்டுப்பட்டிக் கோயில்ல மெழுகுவத்தி ஏத்தச் சொல்லிருக்கேன். கேக்குதா?"

மெஷின்தான் பதில் சொன்னது. பீப்... பீப்... பீப்...

கௌசல்யா போர்வையைச் சரிசெய்தாள். அது ஒரு கணம் விலகியது. ஐரினின் தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே, பட்டையாக, கருநீலத்தில் ஒரு கோடு.

சகாயராஜின் அழுகை சட்டென்று நின்றது.

"என்னம்மா அது?"

"சீட் பெல்ட் அழுத்தினதுப்பா. மோதின வேகத்துல..."

"எந்தத் தோளு?"

"இடது."

ஆமாம். தழும்பு இருந்த புருவப் பக்கம்தான். அவரும் பார்த்தார்.

"அந்த ஊர்ல வண்டிக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம்மா?"

"நம்ம ஊர் மாதிரியேதாம்ப்பா. வலது பக்கம். ஏன்ப்பா?"

"எம் பொண்ணு வண்டி ஓட்டலம்மா!"

அந்தக் கத்தலில் கீழே டீக்கடையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"முப்பது வருஷம் பெல்ட்டுப் போட்டவன் சொல்றேன்! பெல்ட்டு கதவுப் பக்கத்துல இருந்துதான் வரும். ஓட்டறவனுக்கு வலது தோள்ல விழும். இடது தோள்ல விழுந்தா அது பக்கத்து சீட்டு! ஐரின் உக்காந்திருந்தது பக்கத்து சீட்டு!"

அப்பாஸ் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இல்லாத பெல்ட்டை வலமிருந்து ஒரு தரம், இடமிருந்து ஒரு தரம் இழுத்துப் போட்டுப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

போனில் கௌசல்யா குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா... அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. தமிழ்க்காரங்க விருந்து. இளஞ்செழியன் சார் இறக்கி விடறேன்னு கூப்பிடறார்னு எனக்கு மெசேஜ் போட்டா. 'குடிச்சிருக்கார், ஆனா வேண்டாம்னு சொன்னா அப்பாவுக்கு மரியாதையா இருக்காது'ன்னும் போட்டிருந்தா. போலீஸ்ல காமிச்சேன். குடிச்சதாலதான் வழியில அவ கையில வண்டியைக் குடுத்தேன்னு சொல்லிட்டார். அவர் சொல்லுக்கு முன்னாடி என் சொல் எடுபடலப்பா. ஏதாவது எழுத்துல வேணும்..."

அப்பாவுக்கு மரியாதையா இருக்காது!

சகாயராஜ் போனை வைத்தார். தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அப்பாஸு... அன்னைக்கும் நான் ஓட்டலடா."

"என்னண்ணே சொல்றீங்க?"

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி. மில்லுல ஷிப்டு முடிஞ்சு சைக்கிள்ல போன சோலைமுத்துவை அடிச்சுக் கொன்னது இளஞ்செழியன். நான்தான் பக்கத்து சீட்டு. 'வண்டியக் குடுங்க தம்பி, நீங்க குடிச்சிருக்கீக'ன்னு கெஞ்சிக்கிட்டே வந்தேன்."

முதலாளி வீட்டு வண்டி யாரையாவது அடித்தால், ஸ்டேஷனுக்குப் போவது டிரைவர். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். ஆனால் மில் வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"'ஐரினை நர்சிங் படிக்க வைக்கறது எம் பொறுப்பு, நான் பாத்துக்கறேன்'னாரு முதலாளி. சரின்னுட்டேன். கோர்ட்டு வாசல்ல சோலைமுத்து பொண்டாட்டி எம்மேல மண்ணை வாரித் தூத்துனா. வாங்கிக்கிட்டேன்."

"ஐரினுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது. அவ ஆத்தாளுக்கும் தெரியாது. வாக்குக் குடுத்துட்டேன்ல... பெரிய யோக்கியன்! 'அந்தப் பய வண்டியில மட்டும் ஏறிராத தாயி'ன்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை எம் புள்ளைகிட்டச் சொல்லியிருந்தா ஏறியிருப்பாளாடா?"

சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். அந்த ஒரு வார்த்தையை முழுங்கியதற்கு எட்டு மாசச் சிறை போதாது என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அப்பாஸ் அவரைத் தடுக்கவில்லை. அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

அழுகை அடங்கியதும், சகாயராஜ் மேட்டுப்பட்டி வீட்டுக்குப் போய்த் திரும்பினார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே தீர்ப்பு நகல், எஃப்.ஐ.ஆர். நகல். புகார் கொடுத்தவர் பெயர், இளஞ்செழியன். அப்பாஸ் சத்தமாகப் படித்தான்.

"'டிரைவர் சகாயராஜ் காரை ஓட்டி வந்தார். நான் பக்கத்து சீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு சத்தம் கேட்டுக் கண் விழித்துப் பார்த்தபோது...'"

நிறுத்தினான்.

"அட பாவி! டயலாக்கைக்கூட மாத்தலையே!"

"அதுக்குத்தான்டா எரிக்கச் சொல்லியிருக்கான்... அப்பாஸு, அந்த டிக்கை மாத்து. 'ஆமா'ன்னு போடு."

"அண்ணே! விசா போயிரும்! புள்ளையப் பாக்க முடியாது!"

"போடுடா! விவரம் எழுதுங்கன்னு கட்டம் இருக்கும்ல? அதுல நான் சொல்றதை அம்புட்டையும் எழுது. நான் ஓட்டலைங்கறதை. புள்ள படிப்புக்காகப் பழியை ஏத்துக்கிட்டதை. அன்னைக்கு இளஞ்செழியன்தான் ஓட்டினாங்கறதை. இந்தப் பேப்பரையும் சேத்து வை."

"கோர்ட்டை ஏமாத்தினதா இங்க இன்னொரு கேஸ் விழும்ணே உங்க மேல!"

"விழட்டும். இது ஒண்ணுதான் நெசமாவே நான் செஞ்ச குத்தம்."

அப்பாஸ் டிக்கை மாற்றினான். எழுதினான். அவன் சர்வீஸில் அந்தக் கட்டத்தில் ஒரு எழுத்தைத் தட்டியது அதுதான் முதல் தடவை. ஒரு பிரதி விசா ஆபீசுக்கு. ஒரு பிரதி கௌசல்யாவுக்கு... அவளிடமிருந்து ஆக்லாந்து போலீசுக்கு!

---

புதன்கிழமை போனது. வியாழக்கிழமை போனது.

சகாயராஜ் அப்பாஸின் மாடிப்படியிலேயே குடியிருந்தார். யாரோ வாங்கி வந்த இட்லி பொட்டலத்திலேயே காய்ந்தது. தினமும் காலையில் கௌசல்யா போனைப் பிடிப்பாள், அவர் ஐரினிடம் பேசுவார். இத்தனை வருஷம் சொல்லாததையெல்லாம் சொன்னார். சோலைமுத்துவைச் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். பீப்... பீப்... அவ்வளவுதான் பதில்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி.

போன் அலறியது.

கௌசல்யா. பேசவில்லை, அழுதாள். சகாயராஜும் எதுவும் கேட்கவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். அந்த பீப் சத்தம் வருமா என்று கேட்டார்.

வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாஸ் கம்ப்யூட்டர் முன்னால் துள்ளி எழுந்தான். அப்புறம், ஏன் எழுந்தோம் என்று புரியாதவன் போல மெதுவாக உட்கார்ந்தான்.

"அண்ணே... விசா வந்துருச்சு."

ஒரு நாள் தாமதம். ஒரே ஒரு நாள்!

"ஆக்லாந்து போலீஸ் உங்களைச் சாட்சியா கேட்டிருக்காங்க. பெல்ட்டுக் காயத்தை டாக்டர் உறுதி பண்ணிட்டாராம். ஸ்டியரிங்ல இருந்த ரத்தமும் அவன்துதானாம். எந்த சீட்டுன்னு தெரியக் கூடாதுன்னு ஐரினை வெளிய இழுத்துத் தரையில போட்டதே அவன்தான். ஊருக்கு ஓட டிக்கெட் போட்டிருக்கான்... ஏர்போர்ட்லயே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிட்டாங்க!"

சகாயராஜ் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் வேடசந்தூர் பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது.

"ஆக, ஜெயிலுக்குப் போனவனுக்கு விசா. கேஸே இல்லாதவனுக்குப் பாஸ்போர்ட்டே இல்ல."

"ஆமாண்ணே."

"எம் புள்ள இருந்தா சிரிச்சிருப்பா அப்பாஸு."

---

ஆக்லாந்து விமான நிலையம்.

கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு அதிகாரி. அவர் கையில் சகாயராஜின் பாஸ்போர்ட். மேஜை ஸ்பீக்கரில் மொழிபெயர்ப்பாளரின் தமிழ்க் குரல்.

"சகாயராஜ்... உங்களுக்குக் குற்றத் தண்டனை இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. வாகனம் ஓட்டி ஒருவரைக் கொன்றதாக. சரிதானா?"

"பதிவு சரிங்க. ஓட்டினதுதான் நான் இல்ல."

அதிகாரி கம்ப்யூட்டரில் எதையோ படித்தார். நேரம் எடுத்துப் படித்தார். பிறகு ஸ்டாம்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சன்னமாக ஏதோ கேட்டார்.

ஸ்பீக்கர் சொன்னது.

"வழக்கமான கேள்விதான். தவறாக நினைக்காதீர்கள். எதற்காக வந்திருக்கிறீர்கள்?"

கீழ்த்தளத்தில் கௌசல்யா காத்திருந்தாள். எங்கேயோ ஒரு குளிர் அறையில் ஐரின் காத்திருந்தாள். சகாயராஜ் சாட்சி சொல்லும்வரை, போலீஸ் ஃபைலில் இன்னமும் அவள் பெயருக்கு நேராக 'டிரைவர்' என்றே இருந்தது.

சகாயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம் பொண்ணை டிரைவர் சீட்டுல இருந்து இறக்கி விட வந்திருக்கேங்க!"