துண்டு சுற்றிய பாலிஷ் மெஷின்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்க அதன் கோட்டைகளைப் பார்க்கக் கூடாது, கோபுரங்களையும் பார்க்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே எவ்வளவு அமைதி நிலவுகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த அரிய கருத்தை உலகுக்கு வழங்கியவர் மேப்பிள் தெரு ஏழாம் எண் வீட்டு ஹாபோ யான்சன். வழங்கும்போது அவர் பைஜாமா அணிந்து, ஸ்டூல் மேல் ஏறி, வேலிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தார். பந்து விளையாடிய இரண்டு சிறுவர்களும் ஒரு நாயும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாய் கொட்டாவி விட்டது.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் மெஷின் ஓடாது. யாரும் சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள். காலிக் கண்ணாடிப் பாட்டிலைக்கூடத் தெருமுனைத் தொட்டியில் போடாமல் திங்கள்கிழமை வரை வைத்திருப்பார்கள். போட்டால் 'கிளிங்' என்று சத்தம் வருமே! இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனாலும் யாராவது மறந்துவிட்டால் என்ன ஆவது என்று ஹாபோவுக்கு ஓயாத கவலை.

அவருடைய மகள் ஃபென்யாவுக்குப் பதினோரு வயது. "இந்தத் தெருவிலேயே பொறுப்பான ஆள் யாரு தெரியுமா? என் பொண்ணுதான்!" என்று அப்பா எல்லாரிடமும் சொல்லுவார். ஃபென்யாவும் அதை நம்பினாள். சாட்சி வேறு அவள் கழுத்திலேயே தொங்கியது. சிவப்புக் கயிற்றில் கோத்த ஒரு சாவி.

அது பக்கத்து வீட்டு அல்முத் ஆன்ட்டியின் கார் கொட்டகைச் சாவி. ஃபென்யாவின் சைக்கிள் அங்கேதான் நிற்கும். யான்சன் வீட்டுக் கொட்டகையில் இடமில்லை. ஒழுங்கைக் கடைப்பிடிக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகைகளை அப்பா அங்கே தாறுமாறாகக் குவித்து வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அல்முத் ஆன்ட்டி ஊரில் இல்லை. தீவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போயிருந்தார். மாலை ஆறு மணிப் படகில் வருவார். மறுநாள் காலை அவருடைய நீல நிறக் காருக்குப் பரிசோதனை. முப்பது வயதான கார், அந்தக் காலத்துப் பெயின்ட் கெடாமல் நல்ல நிலையில் இருந்தால், 'பழம்பெரும் கார்' என்று தனி நம்பர் பலகை கொடுப்பார்கள். அதற்காக அல்முத் ஆன்ட்டி மூன்று வருடமாகக் காத்திருந்தார். மழைத்துளி பட்டால்கூடத் துடைத்துவிடுவார்.

மதியம் இரண்டு மணிக்கு ஃபென்யா சைக்கிளை எடுக்கப் போனாள். கூடவே தம்பி கேனோவும் போனான். அவனுக்கு ஏழு வயது. கேட்காமலே கூட வருவது அவன் வழக்கம்.

சைக்கிளைத் திருப்பும்போது கைப்பிடி காரின் கதவில் உரசியது.

"அக்கா, கீறல்!"

"கத்தாதேடா."

"கத்தலை. சொன்னேன். கீறல்."

ஃபென்யா குனிந்து பார்த்தாள். கதவின் நடுவே ஓடும் மடிப்புக்குப் பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கோடு.

"ஆன்ட்டி வந்ததும் சொல்லிடலாமா?" என்றான் கேனோ.

சொல்லலாம்தான். ஆனால் தெருவிலேயே பொறுப்பான ஆள் அப்படி என்னவென்று சொல்வது? ஃபென்யாவின் கண் அலமாரிக்குப் போனது. அங்கே ஒரு பெட்டியில் மின்சார பாலிஷ் மெஷின் இருந்தது. தட்டு போன்ற வட்டமான பஞ்சு சுழலும். ரொட்டியில் வெண்ணெய் தடவுவது போல அல்முத் ஆன்ட்டி அதை ஓட்டுவார்.

"நான் தேய்ச்சு சரி பண்ணிடறேன்."

"உனக்குத் தெரியுமா?"

"எத்தனை தடவை பார்த்திருக்கேன்!"

"நான்கூடத்தான் ஃபுட்பால் பார்க்கறேன்" என்றான் கேனோ.

பெட்டிக்குள் பதினான்கு மொழிகளில் அச்சிட்ட கையேடு இருந்தது. ஃபென்யா அதை ஒரு மொழியிலும் படிக்கவில்லை. அவளுக்கு இருந்த கவலையே வேறு. மெஷின் போட்டால் சத்தம் வரும். ஞாயிற்றுக்கிழமை! அப்பா ஸ்டூலில் ஏறிவிடுவார்.

யோசித்தாள். கொட்டகைக் கதவை இறக்கினாள். ஆணியில் தொங்கிய பெரிய குளியல் துண்டை எடுத்து, குளிருக்குக் குழந்தையைப் போர்த்துவது போல மெஷினைச் சுற்றினாள்.

"எதுக்கு அதுக்குச் சால்வை?"

"சத்தம் கேட்காம இருக்க. நீ வாசப்பக்கம் நின்னு இருமு."

கேனோ மிகுந்த அக்கறையோடு இருமத் தொடங்கினான்.

ஃபென்யா பஞ்சுத் தட்டில் பாலிஷ் கிரீமைத் தாராளமாகப் பிதுக்கினாள். மெஷினைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே சுவிட்சைப் போட்டாள்.

சரக்! கிரீம் முழுவதும் பறந்தது. சுவரில் ஒரு கோடு, கூரையில் ஒரு கோடு, கேனோவின் மூக்கில் ஒரு சொட்டு. அவன் இப்போது நிஜமாகவே இருமினான்.

ஃபென்யா மெஷினைக் கதவில் வைத்து அழுத்தினாள். முதலில் பளபளத்தது. 'வேலை செய்யுது!' என்று இன்னும் அழுத்தினாள். மடிப்பின் மேலேயே அழுத்தினாள். கருகல் வாசனை வந்தது. அந்த நேரம் பார்த்துத் துண்டின் முனை அவிழ்ந்து பஞ்சுத் தட்டுக்குள் மாட்டியது. மெஷின் ஒரு துள்ளு துள்ளி, கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தரையில் விழுந்து, நண்டு போலப் பக்கவாட்டில் ஓடியது. அதுவும் கேனோவை நோக்கி.

"அக்கா!"

ஃபென்யா மெஷினைப் பிடிக்கப் பாயவில்லை. சுவர்ப் பக்கம் ஓடி பிளக்கைப் பிடுங்கினாள். அன்று அவள் செய்த முதல் நல்ல காரியம் அது. மெஷின் அடங்கியது.

துண்டு முறுக்குப் போலத் தட்டைச் சுற்றி இறுகியிருந்தது. ஃபென்யாவின் கை தானாகத் தன் பின்னலைத் தொட்டது. பிறகு கழுத்துக் கயிற்றைத் தொட்டது. துண்டுக்குப் பதில் இவற்றில் ஒன்று மாட்டியிருந்தால்?

கதவைப் பார்த்தாள். கறுப்புக் கோட்டில் பாதி அப்படியே இருந்தது. மீதிப் பாதி இருந்த இடத்துக்கு மேலே, மடிப்பில், நீலப் பெயின்ட் முழுதாகத் தேய்ந்து, நாணயம் அளவுக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது.

அப்போதுதான் வெளியே அந்தக் குரல் எழுந்தது.

"ஞாயிற்றுக்கிழமை!"

அன்று தெருவில் எழுந்த சத்தங்களிலேயே பெரியது அதுதான். சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அப்பாவின் செருப்புச் சத்தம் அவர்கள் இருந்த கொட்டகையைக் கடந்து போனது. அடுத்த வீட்டு அழைப்பு மணி அடித்தது. அங்கே மென்னோ இருந்தார். குடிவந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. படகு பழுது பார்ப்பவர், வீடு நிறைய மெஷின். ஹாபோவுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

"தம்பி, இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு சார். ஏன், மறந்துபோச்சா?" மென்னோ ஒரு காலில் மட்டும் காலுறையோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"விளையாடறீங்களா? மெஷின் சத்தம் தெருவே கேட்டுச்சு!"

"நான் தூங்கிட்டிருந்தேன் சார். நீங்க கத்தினதுலதான் முழிச்சேன்."

"பொய் வேறயா? இந்தத் தெருவுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. உங்களை மாதிரி ஆளுங்க வந்துதான்…"

கொட்டகைக்குள் கேனோ கிசுகிசுத்தான். "அக்கா, தப்பிச்சோம்!"

ஃபென்யாவின் முகம் சுட்டது. காருக்காகக்கூட அவளுக்கு இவ்வளவு வெட்கம் வரவில்லை. ஒரு மனிதர் தன் வீட்டில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் இப்போது எட்டு சன்னல்களுக்கு முன்னால் திட்டு வாங்குகிறார். அது அவளுக்குச் சேர வேண்டிய திட்டு.

கொட்டகைக் கதவைத் தூக்கினாள். அது கிறீச்சிட்டது. தலையிலிருந்து முட்டி வரை வெள்ளைப் புள்ளிகளோடு வெளியே வந்தாள்.

"அப்பா. அது மென்னோ அண்ணா இல்ல. நான்தான்."

"அவர் தூங்கிட்டுத்தான் இருந்தார்" என்று கேனோவும் சேர்த்துச் சொன்னான், பார்த்தவன் போல.

தெருவில் உண்மையான ஞாயிற்றுக்கிழமை அமைதி நிலவியது. அப்பாவின் காதுகள் மெல்லச் சிவந்தன.

"சார்," என்றார் மென்னோ, "ஏதோ 'உங்களை மாதிரி ஆளுங்க'ன்னு ஆரம்பிச்சீங்களே. மீதியையும் சொல்லிடுங்க."

அப்பா தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தெருவில் கிசுகிசுத்தார். "ஃபென்யா, வீட்டுக்குள்ள போய்ப் பேசிக்கலாம்மா."

"வெளியிலதானேப்பா அவரைத் திட்டினீங்க?" என்றாள் ஃபென்யா. பிறகு மென்னோ பக்கம் திரும்பினாள். "மென்னோ அண்ணா, என்னாலதான் உங்களுக்குத் திட்டு. மன்னிச்சிருங்க."

அப்பாவும் மன்னிப்புக் கேட்டார். மிகவும் மெதுவாகக் கேட்டதால் மென்னோ, "என்ன சார் சொன்னீங்க?" என்றார். அப்பா மறுபடி கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அது எல்லாச் சன்னல்களுக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு தாளை எடுத்து எழுதினார். "'எதிர்பாராத சூழ்நிலையில் தங்கள் கார் சிறிது பாதிப்புக்கு உள்ளானது.' எப்படி? நீ கீழ கையெழுத்துப் போட்டாப் போதும்."

"கார் தானா உள்ளாகலைப்பா. நான்தான் பண்ணேன்."

"அப்படியே எழுதினா நல்லா இருக்காதும்மா."

"நல்லாத்தான் இல்ல" என்றாள் ஃபென்யா.

ஆறு மணிப் படகில் அல்முத் ஆன்ட்டி வந்தார். சக்கரம் வைத்த பெட்டியை உருட்டினால் கல் தெருவில் சத்தம் வரும் என்று கையில் தூக்கிக்கொண்டு வந்தார். ஃபென்யா கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அல்முத் ஆன்ட்டி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காரின் கதவைப் பார்த்தார்.

"பாதுகாப்புக் கண்ணாடி போட்டியா?"

"இல்ல."

"மடிப்பு மேல டேப் ஒட்டினியா?"

"இல்ல."

"முடியையாவது கொண்டை போட்டியா?"

"இல்ல ஆன்ட்டி."

"துண்டு எதுக்கு?"

"ஞாயிற்றுக்கிழமையாச்சே… சத்தம் வரக் கூடாதுன்னு."

அல்முத் ஆன்ட்டியின் உதடு ஒரு பக்கம் துடித்தது. பிறகு நின்றது. "கேனோவுக்கு அடி ஏதும் இல்லையே?"

"மூக்குல மட்டும் கிரீம்" என்றான் கேனோ.

அல்முத் ஆன்ட்டி குனிந்து, மிச்சமிருந்த பாதிக் கறுப்புக் கோட்டைப் பார்த்தார். கட்டை விரலை நாக்கில் தொட்டு ஒரு தேய் தேய்த்தார். கோடு போய்விட்டது.

"கீறல் இல்ல இது. உன் சைக்கிள் கைப்பிடி ரப்பர்."

ஃபென்யாவுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை போலிருந்தது. கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினாள். 'பரவாயில்லை, வச்சுக்கோ' என்று சொல்வார் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது. அல்முத் ஆன்ட்டி சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சைக்கிள் அன்றிரவு மழையில் நனைந்தது.

திங்கள் மாலை ஃபென்யா பக்கத்து வீட்டு மணியை அடித்தாள். கதவு திறந்ததும் வேகமாகக் கேட்டாள். "பரிசோதனை என்ன ஆச்சு ஆன்ட்டி? நான் வேணா அவங்ககிட்ட வந்து சொல்றேன், நான்தான் பண்ணேன்னு."

"'இது என்ன?'ன்னு அந்த ஆள் கேட்டார். 'ஞாயிற்றுக்கிழமை'ன்னேன். தலையை ஆட்டிட்டு முத்திரை குத்திட்டார்."

"கிடைச்சுடுச்சா!"

"முப்பது வயசுக்கு ஒரு தழும்பு இருக்கலாமாம். நான் அதுல பெயின்ட் தொட்டு வச்சிருக்கேன். காயணும்."

"காஞ்சதும் மேல பாலிஷ் பண்ணணும் இல்ல?" ஃபென்யா தயங்கினாள். "அந்தக் கையேட்டைக் குடுக்கறீங்களா? படிச்சுட்டு வரேன்."

"எந்த மொழியில?"

"எனக்குத் தெரிஞ்ச ஒண்ணுல."

சனிக்கிழமை காலை பத்து மணி. சத்தம் போடத் தடையில்லாத நேரம். ஃபென்யா கூந்தலைக் கொண்டையாக முடிந்திருந்தாள். கழுத்தில் கயிறு இல்லை. கண்ணாடி போட்டிருந்தாள். மடிப்புகளில் பெயின்ட் தேயாமலிருக்கக் காகித டேப் ஒட்டினாள். வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டாள். பட்டாணி அளவு நாலு சொட்டுக் கிரீம். பஞ்சுத் தட்டைக் கதவில் வைத்த பிறகே, மிகக் குறைந்த வேகத்தில் சுவிட்சைப் போட்டாள். அழுத்தவில்லை. அல்முத் ஆன்ட்டி பிளக் பக்கத்திலேயே நின்றார். கேனோ கேட்டுக்கு வெளியே. அங்கிருந்தும் பழக்கத்தில் இருமினான்.

துடைத்து முடித்ததும் கதவில் வானம் தெரிந்தது. தழும்பு எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"எங்க கைப்பிடி உரசிச்சு?" என்று கேட்டார் வேடிக்கை பார்க்க வந்த மென்னோ.

ஃபென்யா காட்டினாள். காட்டும்போது இன்னும் கொஞ்சம் காது சுட்டது.

அல்முத் ஆன்ட்டி பையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "சைக்கிள் துருப்பிடிக்கப் போகுது, உள்ள வை" என்றார். அவ்வளவுதான். ஃபென்யா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பேசினால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

பேசும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். காலையிலிருந்து அவர்தான் பாதுகாப்பு மேற்பார்வையாளர். அவரை யாரும் நியமிக்கவில்லை. "பாதுகாப்பு என்பது ஒரு கருவி அல்ல, அது ஒரு வாழ்க்கை முறை" என்று தொடங்கி, தெருவின் மரியாதை, நாட்டின் எதிர்காலம் எல்லாவற்றையும் தொட்டுப் பதினைந்து நிமிடம் பேசினார். கடைசியில் எல்லாரும் கை தட்டினார்கள். மென்னோ ஒரு படம் எடுத்தார்.

படத்தில் அப்பாவின் பாதுகாப்புக் கண்ணாடி தலைகீழாக இருக்கிறது. மூக்குக்கான பள்ளம் நெற்றியில் தெரிகிறது.