பட்டியலில் இல்லாத போன்

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி செவ்வாய்க்கிழமை மத்தியானம் லைன்மேன் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஓடிப்போய்த் திறந்தது அவருடைய மச்சினன். ஓடத்தான் செய்வான். தொலைபேசி இலாகாவில் முப்பது வருஷம் கம்பம் ஏறி இறங்கிய மாமா, ஓய்வுபெற்ற கையோடு அக்கம்பக்கத்துப் புதிர்களை அவிழ்க்க ஆரம்பித்ததிலிருந்து, அவனுக்குத் தன் ஸ்டேஷனரிக் கடையில் இருப்பே கொள்ளவில்லை.

வீட்டு ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது என்றாள் அவள். மச்சினனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கொலை இல்லை, கொள்ளை இல்லை, வைஃபை பெட்டி.

"என் தம்பி உயிரோட இருக்கானான்னு அதுலதான் சார் தெரியும்" என்றாள் அவள்.

லைன்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவள் சொன்னது இதுதான். நாற்பது நாளைக்கு முன் அப்பாவுக்கும் தம்பிக்கும் வாய்ச்சண்டை முற்றி, "இனி இந்தப் படி ஏறாதே" என்று அப்பா சொல்ல, தம்பி கட்டிய துணியோடு போனவன் போனவன்தான். அவன் எண்ணுக்குக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. போன வியாழக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது, அவன் கொடியில் போட்டுவிட்டுப் போன துண்டு ஈரமாக இருந்தது. யாரும் வரவில்லை என்றாள் அம்மா. வீட்டுக்குள் எந்த போன் நுழைந்தாலும் ரூட்டர் தன் பட்டியலில் தேதியோடு குறித்துக்கொள்ளும் என்று தம்பியே ஒருமுறை காட்டியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை லீவில் அதைப் பார்த்துவிடுகிறேன் என்று வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லோரும் சாப்பிடும்போது இவள் சொன்னாள். ஞாயிறன்று பார்த்தால் பக்கமே திறக்கவில்லை.

"இது அப்பா வேலைதான் மாமா" என்று மச்சினன் வழியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டான்.

வீடு இரண்டாவது மாடியில். அச்சகத்தில் காகிதம் வெட்டும் வேலையில் இருக்கும் அப்பா, மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் கிடந்தது பொத்தான் வைத்த பழைய போன். ஓடிப்போனவனைத் தேடுவதற்கு எந்தப் பெட்டியும் வேண்டாம் என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

லைன்மேன் பெண்ணின் போனை வாங்கி, மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையில் மட்டும் நிற்கவைத்தார். பீரோக் கதவின் உட்புறம் தம்பி பென்சிலால் எழுதி வைத்திருந்த, செட்டிங்ஸ் பக்கத்தின் எண் முகவரியை அடித்தார். ஐம்பதில் முடியும் முகவரி. திறக்கவில்லை.

"போன மாசம் இதே முகவரிதான் சார், திறந்துச்சு" என்றாள் பெண். "சனிக்கிழமை சாயங்காலம் வந்தா, வைஃபையும் புதுசா பாஸ்வேர்ட் கேட்டுச்சு. கரண்ட் போய் வந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க. ஒரு சீட்டுல எழுதி வச்சிருந்து கொடுத்தாங்க."

லைன்மேன் ரூட்டரைக் கவிழ்த்தார். அடியில் கம்பெனி ஒட்டிய சீட்டு. அதில் முகவரி ஒன்றில் முடிந்தது. அதை அடித்ததும் பக்கம் சட்டென்று திறந்தது. சீட்டிலிருந்த பாஸ்வேர்டையும் மறுப்பேதும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. மச்சினன் கை தட்டப் போனவன் மாமா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். பட்டியலில் இரண்டே போன்கள், அம்மாவுடையதும் பெண்ணுடையதும். இரண்டும் சனிக்கிழமைதான் முதன்முதலாகச் சேர்ந்திருந்தன. அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

"கரண்ட் போனா இது எல்லாம் மறந்துடுமா மாமா?"

"கரண்ட் போனா அணைஞ்சு எரியும், அவ்வளவுதான். தம்பி மாத்தி வச்ச முகவரியும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும். கம்பெனியில கொடுத்த மாதிரியே திரும்பிப் போச்சுன்னா, பின்னாடி இருக்கற சின்ன ஓட்டையில யாரோ ஊசிய விட்டுப் பத்து வினாடி அழுத்தியிருக்காங்க. பக்கம் திறக்காததுதான் அதுக்குச் சாட்சி." அவர் திரையின் ஓரத்தைக் காட்டினார். "எத்தனை நேரமா ஓடுதுன்னு இதுவே சொல்லுது. மூணு நாள், நாலு மணி நேரம். இப்போ மூணு மணி."

மச்சினன் விரல்விட்டு எண்ணினான். சனிக்கிழமை காலை பதினொன்று. பெண் கண்ணாடிக் கடையில். அப்பா அச்சகத்தில். அவன் போட்டு வைத்த கணக்கெல்லாம் தவிடுபொடியானது. எல்லோரும் சமையலறை வாசலைப் பார்த்தார்கள்.

அம்மா மறுக்கவில்லை. இணைப்பு கொடுக்கும் ஆபீசுக்கு போன் போட்டு, எல்லாவற்றையும் அழிக்க வழி கேட்டு, ஊக்கை நிமிர்த்தி நானே செய்தேன் என்றாள். வியாழக்கிழமை அவன் வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனான். அப்பாவுக்குத் தெரிந்தால் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தான். கையில் காசில்லாததால் போன் இணைப்பு செத்துவிட்டது. எதிரே மருந்துக்கடை ஓரம் வந்து நின்றால் வீட்டு வைஃபை தானாக ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்துதான் இந்த நாற்பது நாளும் இரண்டு நாளைக்கு ஒருதரம் அம்மாவுக்கு இரண்டு வரி அனுப்பிக்கொண்டிருந்தான்.

"தூரத்துல ஒரு வேலை கெடச்சிருக்காம். எந்த ஊருன்னு ஞாயித்துக்கிழமை வந்து அனுப்பறேன்னான்" என்றாள் அம்மா. "வந்தான். ஜன்னல்ல பாத்தேன். இருபது நிமிஷம் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னான். இவர் வாசல்ல உக்காந்திருந்தாரு, நான் எப்படி இறங்கறது? ஒரு வரிகூட அனுப்பாமப் போயிட்டான். என்மேல என்ன கோவம்னே தெரியல."

கண்டுபிடித்ததைச் சொல்லத் தயங்கி மாமா நிற்பதை மச்சினன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"கோவம் இல்லம்மா" என்றார் அவர் கடைசியில். "ஊக்கு அழிச்சது பட்டியலை மட்டும் இல்ல. வைஃபை பேரும் பாஸ்வேர்டும் மாறிப்போச்சு. அவன் போனுக்குத் தெரிஞ்ச பேரு இந்தத் தெருவுலயே இல்ல. தனக்குக் கிடைக்கக்கூடாதுன்னு வீட்டுல மாத்திட்டாங்கன்னு நினைச்சிருப்பான்."

அம்மா சமையலறை வாசலிலேயே உட்கார்ந்தாள். அப்பா எழுந்து ஜன்னலுக்குப் போய் மருந்துக்கடையைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையா?" என்றார். "நான் இங்கதானே இருந்தேன். கூப்பிட்டிருந்தா..." கூப்பிட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பெண்ணின் போனில் பழைய பெயரும் பாஸ்வேர்டும் இன்னும் சேமிப்பில் இருந்தன. லைன்மேன் பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தார். பட்டியல் மறுபடி வந்தது. இரண்டு போன்கள்.

அவர்கள் செருப்பு மாட்டும்போது அம்மா எழுந்து வந்தாள். "சரியாயிடுச்சுல்ல சார்? இப்ப அவன் போன்ல தெரியும்ல?"

"தெரியும்மா" என்றார் லைன்மேன். "அவன் மருந்துக்கடைகிட்ட வந்து நின்னா."