கிளட்ச் இல்லாத வண்டி

மேசையில் இருந்த டீ ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது. யாரும் தொடவில்லை. டிராக்டர் கடையில் கொடுத்த வண்ணத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, கொழுந்தன் ஒரு பெரிய வண்டியின் படத்தை விரலால் தட்டிக்கொண்டே இருந்தான்.

“இதுதான் அண்ணி வண்டி! கலப்பை, டிரெய்லர், எதை மாட்டினாலும் இழுக்கும். நீங்க சொல்ற அந்தக் குட்டி வண்டி இருக்கே... அது பொம்மை!”

அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே பேசினாள். “நமக்கு இருக்கிறது பழமரத் தோப்பு. பெரிய வண்டி உள்ளே நுழைஞ்சா கிளையெல்லாம் முறிஞ்சிடும். சின்னதுல முன்னாடி மண் அள்ளற வாளி, பின்னாடி புல் வெட்டற மிஷின் மாட்டினா நம்ம வேலை முடிஞ்சுது. அதோட... அதுல கிளட்ச் மிதிச்சு கியர் மாத்தற தொல்லை இல்ல. வலது காலால பெடலை அழுத்தினா போதும், தானா போகும்.”

“கிளட்ச் மிதிக்க இங்கே யாருக்குக் கால் வலிக்குது?”

துணி பிடித்த கை சட்டென்று நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கணவரின் பக்கம் கண் போய்விடாமல் தடுக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

“எனக்குத்தான்... நானும் ஓட்டிப் பழகலாம்னு இருக்கேன்.”

கொழுந்தனின் மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள். “அக்காவுக்கு இந்த வயசுல டிரைவர் ஆசை!”

கொழுந்தன் சிரிக்கவில்லை. அவன் முகம் கறுத்தது.

“இப்பத்தான் எனக்கு விளங்குது. பாதி நிலத்துக்குச் சின்ன வண்டி போதும்... அதானே கணக்கு? எங்களைத் தனியாப் பிரிச்சு விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டீங்க. நேரா சொல்லிடுங்களேன் அண்ணி!”

இந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தபோது இவன் தாயை இழந்து, யாரிடமும் பேசாமல் திரிந்த சின்னப் பையன். அவள் தோளில் சாய்ந்துதான் தூங்குவான். தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்காத குறையே அவனால்தான் மறந்துபோயிற்று. அந்த வாயா இப்படிக் கேட்கிறது...!

கணவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குனியத்தானே செய்வார். மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இடது காலின் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது. தள்ளிப்போடலாமே தவிர, நிறுத்த முடியாது. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அவள் கையை விடவே இல்லை. “தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதே... தெரிஞ்சா என்னை மூலையில உட்கார வச்சிடுவான். நடக்கிற வரைக்கும் நடந்துடறேன்.” அன்றிலிருந்து உர மூட்டையை அவளே தூக்கினாள். ஏணியில் அவளே ஏறினாள். ‘அண்ணி எதையும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க’ என்று பெயர் வாங்கிக்கொண்டாள்.

மதியம் நால்வரும் போய்ச் சேர்ந்தபோது, டிராக்டர் கடையின் முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. பெரிய வண்டியின் சாவியைக் கொழுந்தன் வாங்கிவந்து அண்ணனிடம் நீட்டினான்.

“நீங்கதான் அண்ணா முதல்ல ஓட்டணும். அப்புறம் யார் என்ன பேசறாங்கன்னு பார்ப்போம்.”

“வேண்டாங்க...” என்றாள் அவள்.

“அண்ணி, இதையாவது எங்க இஷ்டத்துக்கு விடுங்க!”

கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, கைப்பிடியைப் பற்றித் தன்னை இழுத்துக்கொண்டு ஏறினார். இடது பாதத்தைக் கையால் தூக்கிக் கிளட்சின்மேல் வைத்ததை அவள் மட்டுமே கவனித்தாள். எஞ்சின் உறுமியது. எதிரே கொழுந்தனின் மனைவி செல்போனில் படமெடுத்துக்கொண்டு நின்றாள்.

அவருடைய முழங்கால் நடுங்குவது தெரிந்ததும் அவள் ஓடினாள். “தள்ளிப் போ!” என்று அலறி, அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தாள். அதே நொடியில் அவர் பாதம் கிளட்சிலிருந்து நழுவ, வண்டி துள்ளிப் பாய்ந்து, அடுக்கி வைத்திருந்த டயர்களில் மோதி நின்றது.

“அண்ணா! என்ன பண்றீங்க?”

அவர் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“கால் செத்துப்போச்சுடா... உன் அண்ணிக்கு டிரைவர் ஆசையும் இல்ல, பிரிக்கிற ஆசையும் இல்ல. எனக்காகத்தான் கிளட்ச் இல்லாத வண்டி கேட்டா. சொல்லாதேன்னு நான்தான் அவகிட்ட சத்தியம் வாங்கினேன். காலையில நீ அவளை அந்தப் பேச்சு பேசினே... நான் ஆம்பளையா வாயைத் திறந்திருக்கணும். உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன்...”

கொழுந்தன் அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து, தோல் உரிந்த அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“என்னை அறைஞ்சிருக்கலாமே அண்ணி... பிரிக்கப் பார்க்கறீங்கன்னு... உங்களைப் போய்...”

அவன் மனைவி அவள் மடியில் முகம் புதைத்துக்கொண்டிருந்தாள்.

“எழுந்திரு. அண்ணனைக் கைகொடுத்து இறக்கு,” என்றாள் அவள். “தூக்காதே. தூக்கினா அவருக்குப் பிடிக்காது. பக்கத்துல போய் நில்லு, அவரே உன் தோளைப் பிடிச்சுப்பார்.”

அப்படியே நடந்தது. இருவரும் ஓர் எட்டு, இன்னோர் எட்டு என்று சின்ன வண்டியை நோக்கிப் போனார்கள். அண்ணனின் இடது பாதம் தரையைக் கீறிக்கொண்டே போயிற்று. இனி அதை யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை.

மனம் லேசாகும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் ரகசியமாக இருந்தவரை, டாக்டர் சொன்னது தப்பாக இருக்கலாம் என்று அவளுக்குள் ஒரு மூலையில் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு பேர் முன்னால் அவர் வாயாலேயே சொன்ன பிறகு, அதுவும் போய்விட்டது.

வாங்கிய வசவுகளுக்கெல்லாம் அழாதவள் அப்போதுதான் அழுதாள்... கொழுந்தனின் மனைவி அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.