பனி முறித்த பிளேடு

பிளேடு நனைந்திருந்தது.

மில்பிடாஸில் அன்று வெயில் தொண்ணூற்றைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. லேபின் நடுவே இரண்டு மரக்கட்டைகளின் மேல் கிடந்த அந்த வெண்கலத் துண்டை யாமினி துணியால் அழுத்தித் துடைத்தாள். கையைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் ஈரம். உப்பு வாடை.

"இத வாட்டர்ல வாஷ் பண்ணீங்களா?" என்று வீட்டுக்குக் கிளம்பப் பையை மாட்டிக்கொண்டிருந்த லேப் உதவியாளன் ஜெயபிரகாஷிடம் கேட்டாள்.

"இல்லையே. ரெண்டு வாரமா பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. லாங் வீக்கெண்ட், நீங்களும் சீக்கிரம் கிளம்புங்க."

அவன் போனதும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

வடதுருவக் கடலில் பனிப்பாளங்களை உடைத்துக்கொண்டு போன சரக்குக் கப்பலின் புரொப்பல்லரில், முறிந்துபோன பிளேடின் மிச்சத் துண்டு அது. எவ்வளவு பனியை அது தாங்கும் என்று கணக்குப் போட்டவள் யாமினி. அளவெடுக்கக் கப்பலிலேயே போனவன் அவளுடன் வேலை பார்த்த ஹஸ்னைன். பிப்ரவரியில் ஒரு நாள், அவள் ஃப்ரீவேயில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது, சாட்டிலைட் போனில் கூப்பிட்டான்.

"யாமினி, வைப்ரேஷன் ஜாஸ்தியா இருக்கு. புரொப்பல்லர ஸ்லோ பண்ணவான்னு கேப்டன் கேக்குறார். பண்ணலாமா?"

கப்பல் பனிக்குள் வேகமாகப் போகையில் புரொப்பல்லர் மட்டும் மெதுவாகச் சுற்றினால், பனிக்கட்டி பிளேடைப் பின்னோக்கி வளைத்துவிடும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் இறங்க வேண்டிய எக்ஸிட் வந்துவிட்டது, பின்னால் லாரிக்காரன் ஹார்னை விடவில்லை.

"ம், பண்ணச் சொல்லுங்க."

பன்னிரண்டு நிமிடத்தில் பிளேடு முறிந்தது. சுழல்தண்டு எகிறியதில் கப்பலின் பின்னறை பிளந்து தண்ணீர் புகுந்தது. கப்பலைக் காப்பாற்ற அந்த அறையின் இரும்புக் கதவை மூடினார்கள். ஹஸ்னைன் உள்ளே இருந்தான். பிறகு தண்ணீரை இறைத்துப் பார்த்தபோது அவன் உடல்கூட இல்லை.

புரொப்பல்லரின் வேகத்தைக் குறைத்தது ஹஸ்னைனே எடுத்த முடிவு என்று விசாரணையில் எழுதினார்கள். யாமினி மறுக்கவில்லை. அவன் மனைவி இஸ்ரத் ஃப்ரீமான்ட்டிலிருந்து வந்து, "கடைசியா உங்களுக்கு கால் பண்ணாரா?" என்று கேட்டபோதும், "இல்லங்க" என்றுதான் சொன்னாள்.

வெண்கலத்துக்குள் விரிசல் ஓடியிருந்தால் தட்டும்போது ஓசை சப்பென்று விழும். இப்போது லேபில் யாமினி சின்னச் சுத்தியலை எடுத்துப் பிளேடை ஒரு தட்டுத் தட்டினாள். கோயில் மணிபோல் எழுந்த ஓசை அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல், தரை வழியாக அவள் பாதத்துக்குள் ஏறி, மெல்ல மெல்லத் தடித்து, அதன் அடியில் ஏதோ பிரம்மாண்டமாக அரைபடுவதுபோல் கரகரத்தது. பனி அரைபடும் சத்தம். போனில் அவனுக்குப் பின்னால் கேட்ட அதே சத்தம்.

அதை நிறுத்த, உள்ளங்கையைப் பிளேடின் மேல் அழுத்தினாள்.

சத்தம் நின்றது.

கை வரவில்லை.

இழுத்தாள். தோல் உலோகத்தோடு ஒட்டியிருந்தது. விரல்களைச் சுற்றி வெள்ளையாகப் பனி பூத்தது. மூச்சு புகையாக வந்தது.

"ஜெயபிரகாஷ்," என்றாள். பூட்டிய கதவைப் பார்த்து இன்னொரு முறை கூப்பிட்டாள்.

"நான்தான் பண்ணச் சொன்னேன்," என்றாள் பிறகு. "ஹஸ்னைன், நான்தான்."

கையின் அடியில் வெண்கலம் இளகியது. தோல்போல. ஒரு விரல் அவள் விரலிடுக்கில் நுழைந்தது. இன்னொன்று. மூன்றாவது. சில்லிட்ட, ஊறிப்போன விரல்கள்.

ஐந்தும் கோத்துக்கொண்டன. பிறகு, நிதானமாக, உள்ளே இழுக்கத் தொடங்கின.